கேசானும் கேசிசானும்: கர்னல் நெட்வொர்க் கோடில் ரேஸ் தேடுபவர்களுக்கு ஒரு விமர்சனம்

லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் பகுதியில் ரேஸ் வகைப் பிழைகளை (இரண்டு த்ரெட்கள் ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் தொடுவதால் வருபவை) தேடுகிறவர்களுக்குக் கர்னலோடு சேர்ந்தே இலவசமாக வருகிற இரண்டு கருவிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: கேசான் (KASAN), கேசிசான் (KCSAN). பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஒன்று இருந்தால் இன்னொன்று எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தப்பு. முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மெமரி கெட்டுப்போன இடத்தைக் காட்டிக்கொடுப்பதில் கேசானுக்கு ஈடு கிடையாது. ஆனால் இரண்டு த்ரெட்கள் மோதிக்கொண்டதால் வந்த பிழை என்றால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டியது கேசிசான், அதைச் சொல்லவைக்கப் பொறுமை வேண்டும்.

கருவியைப் பொதுவாகப் புகழ்ந்து பிரயோஜனம் இல்லை, நிஜமான ஒரு பிழையின் மேல் ஓட்டிப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். நான் எடுத்துக்கொண்டது சிவிஇ-2016-8655 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கிற பொது அடையாள எண்). பிலிப் பெட்டர்சன் கண்டுபிடித்தது. 2016 நவம்பர் 28 அன்று கர்னல் பாதுகாப்புக் குழுவுக்குச் சொன்னார், இரண்டு நாளில் பேட்ச் அனுப்பப்பட்டது, டிசம்பர் 6 அன்று பொதுவில் அறிவித்தார். ஆனால் அந்தப் பிழை உள்ளே நுழைந்தது 2011 ஆகஸ்டில். ஐந்து வருடத்துக்கும் மேல் உலகம் முழுக்க சர்வர்களிலும் கையில் இருக்கிற போன்களிலும் உட்கார்ந்திருந்தது, சாதாரணப் பயனர் ஒருவர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர், ஆகிவிடக்கூடிய ஓட்டை.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இது புரிந்தால்தான் கருவிகள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்பது புரியும். டிசிபிடம்ப் மாதிரியான புரோகிராம்கள் நெட்வொர்க் கார்டில் வருகிற பாக்கெட்டுகளை அப்படியே எடுப்பதற்கு ஏஎஃப்_பாக்கெட் என்று ஒரு சாக்கெட் வகை இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கிற அழைப்பு) என்றால் கட்டுப்படியாகாது என்பதால் கர்னலும் புரோகிராமும் பகிர்ந்துகொள்கிற ஒரு ரிங் பஃபர் உண்டு. அந்த ரிங்குக்கு மூன்று பதிப்புகள். 2011இல் வந்த மூன்றாவது பதிப்பில் ஒரு டைமரையும் சேர்த்தார்கள்: ஒரு பிளாக் முழுசாக நிரம்பாமலே கிடந்தால், குறிப்பிட்ட மில்லிசெகண்டுகள் கழித்து இருக்கிறதை அப்படியே புரோகிராமிடம் கொடுத்துவிடு என்பதற்காக. நல்ல யோசனைதான். அந்த டைமர் சாக்கெட்டின் மெமரிக்குள்ளேயே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு த்ரெட்கள், ஒரே சாக்கெட். முதல் த்ரெட், பதிப்பை மாற்றச் சொல்கிறது. கர்னல், ரிங் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லை, சரி மாற்றலாம் என்று முடிவு செய்கிறது. மாற்றுவதற்குள் இரண்டாவது த்ரெட் மூன்றாம் பதிப்பு ரிங் ஒன்றை உருவாக்கி, டைமரும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் முதல் த்ரெட் தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பதிப்பு ஒன்று என்று எழுதிவிடுகிறது. சாக்கெட்டை மூடும்போது கர்னல் பதிப்பைப் பார்க்கிறது: மூன்றாக இருந்தால்தானே டைமரை நிறுத்த வேண்டும், இங்கே ஒன்று என்றல்லவா இருக்கிறது, எனவே நிறுத்தாமல் சாக்கெட்டின் மெமரியை விடுவித்துவிடுகிறது. டைமர் மட்டும் கர்னலின் டைமர் பட்டியலில் இன்னும் உயிரோடு. நேரம் வந்ததும் கர்னல் அந்த விடுவிக்கப்பட்ட மெமரிக்குப் போய், அங்கே எழுதியிருக்கிற முகவரியில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடும். இடைப்பட்ட நேரத்தில் அந்த மெமரியைத் தன்னுடைய டேட்டாவால் நிரப்பியவர் யாரோ அவர் சொன்ன இடத்துக்குக் கர்னல் தாவும். டைமர் எத்தனை மில்லிசெகண்டில் அடிக்க வேண்டும் என்பதையும் பயனரே கொடுக்கலாம், அதனால் தாக்குபவருக்கு நிரப்ப வேண்டிய நேரமும் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

இந்த சாக்கெட்டைத் திறக்க கேப்_நெட்_ரா என்ற அனுமதி வேண்டுமே என்று கேட்கலாம். உபுண்டுவில் அப்போது சாதாரணப் பயனரே யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்கென்று பிரித்துக்கொள்கிற தனிச் சூழல்) ஒன்றை உருவாக்கி அதற்குள் அந்த அனுமதியைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். ஆண்ட்ராய்டில் மீடியாசர்வர் மாதிரி நெட்வொர்க் குழுவில் இருக்கிற புராசஸ்களுக்கு அது ஏற்கெனவே இருந்தது. கடைசியில் வந்த பேட்ச் மிகச் சின்னது, சரிபார்ப்பதும் மாற்றுவதும் ஒரே பூட்டுக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடுவது) நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கு 6.1 கர்னலை எடுத்து, பதிப்பு மாற்றுகிற பகுதியில் மட்டும் லாக்_சாக் பூட்டை எடுத்துவிட்டு, பழைய கோடில் இருந்த வரிசையையே திரும்பக் கொண்டுவந்தேன்: முதலில் ரிங் இருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் பயனரிடமிருந்து மதிப்பை நகலெடுப்பது, அப்புறம் எழுதுவது. நடுவில் இருக்கிற அந்த நகலெடுப்புதான் ரேஸுக்கான சந்து. இரண்டு த்ரெட்கள் மாறி மாறி அடிக்கிற ஒரு சின்ன சி புரோகிராம், கியூஎம்யூவில் நான்கு சிபியு கொடுத்த ஒரு விஎம் (மெய்நிகர் மெஷின்). ஒரு சிபியு கொடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், இதெல்லாம் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இன்னொன்று, இதை வேலைக்குப் பயன்படுத்துகிற மெஷினில் செய்யவே செய்யாதீர்கள்.

முதலில் கேசான். 2015இல் 4.0 பதிப்போடு கர்னலுக்குள் வந்தது. வேலை செய்யும் விதம் நேரடியானது: கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு மெமரித் தொடுதலுக்கும் முன்னால் ஒரு சோதனையைச் சேர்த்துவிடுகிறது, ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் என்று நிழல் மெமரி வைத்துக்கொண்டு, இந்த இடத்தைத் தொடலாமா கூடாதா என்று அதில் குறித்துவைக்கிறது. விடுவித்த மெமரியை உடனே மறுபடி யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச நேரம் தனியாக ஒதுக்கி வைக்கிறது, அந்த நேரத்தில் யாராவது தொட்டால் மாட்டிக்கொள்வார்கள். விலை: மெமரியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும், வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு குறையும் என்று கர்னலின் கான்ஃபிக் குறிப்பே சொல்கிறது. சோதனை விஎம்மில் இது ஒரு பொருட்டே இல்லை.

என் புரோகிராமை ஓட்டியதும் கேசான் பிடித்துவிட்டது. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த மெமரியைத் தொட்டது, என்று பெரிதாக ரிப்போர்ட். ஆனால் அந்த ரிப்போர்ட்டின் முதல் வரியைப் பார்த்தால் குற்றவாளியாக நிற்பது கர்னலின் டைமர் கோட்! அது பாவம், தன் பட்டியலில் இருந்த டைமரை எடுக்கப் போயிருக்கிறது, வேறு ஒன்றும் செய்யவில்லை. இதை முதன்முதலில் பார்க்கிற ஒருவர் டைமர் கோடில் பிழை என்று அங்கேயே தோண்ட ஆரம்பித்துவிடலாம். கேசானின் உண்மையான மதிப்பு கீழே இருக்கிற இரண்டு ஸ்டாக்குகளில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்): இந்த மெமரியை யார் வாங்கினார்கள், யார் விடுவித்தார்கள். அங்கே பாக்கெட் சாக்கெட்டை உருவாக்கிய ஃபங்ஷனும் மூடிய ஃபங்ஷனும் பளிச்சென்று தெரியும். இந்த அளவுக்குக் கேசானுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மெமரி எங்கே பிறந்தது, எங்கே செத்தது, செத்த பிறகு யார் தொட்டார்கள் எல்லாம் ஒரே பக்கத்தில்.

சொல்லாமல் விட்டது என்ன? ஏன் டைமர் நிற்கவில்லை என்பது. பதிப்பை எழுதிய அந்த இன்னொரு த்ரெட்டைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து கிடையாது. ஏனென்றால் அது செய்தது மெமரி விதிப்படி நூற்றுக்கு நூறு சரியான எழுத்து, உயிரோடு இருந்த சாக்கெட்டில் நான்கு பைட் எழுதியது, அவ்வளவே. குற்றம் நடந்த நேரமும் கேசான் கூச்சல் போட்ட நேரமும் வேறு வேறு, இரண்டுக்கும் நடுவில் சாக்கெட் மூடப்பட்டுவிட்டது, டைமரும் அடித்துவிட்டது, சம்பந்தப்பட்ட த்ரெட் போன இடம் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் கேசிசான். மார்கோ எல்வர் முன்னின்று எழுதியது, 2020இல் 5.8 பதிப்போடு வந்தது, அதாவது நம்முடைய பிழை கண்டுபிடிக்கப்பட்டு மூன்றரை வருடம் கழித்து. இதன் உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏறக்குறைய 4000 மெமரித் தொடுதலுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, அந்த முகவரியின் மேல் ஒரு கண் வைத்துவிட்டு, அந்த த்ரெட்டை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது, சாதாரண த்ரெட் என்றால் 80 மைக்ரோசெகண்ட் வரை, இன்டரப்ட் என்றால் 20 வரை. அந்தச் சின்ன இடைவெளியில் இன்னொரு சிபியு அதே முகவரியைப் பூட்டில்லாமல் தொட்டால் இரண்டையும் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறது. நிறுத்திவைப்பதற்கு முன்னும் பின்னும் மதிப்பைப் படித்து ஒப்பிட்டும் பார்க்கிறது. இதனால் மெமரி கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை, மோதல் நடந்தாலே போதும்.

ரிப்போர்ட் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. டேட்டா-ரேஸ் என்று தலைப்பு, அதில் பாக்கெட்_செட்_ரிங் (ரிங்கை உருவாக்குவது), பாக்கெட்_செட்சாக்ஆப்ட் (பதிப்பை மாற்றுவது) என்று இரண்டு ஃபங்ஷன் பெயரும் அருகருகே. கீழே, இன்ன சிபியுவில் இன்ன டாஸ்க் 4 பைட் எழுதியது, இன்ன சிபியுவில் இன்ன டாஸ்க் 4 பைட் படித்தது, இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாக். கடைசியில் ஒரு வரி: மதிப்பு 0x00000002 என்பதிலிருந்து 0x00000000 ஆக மாறியது. கர்னலில் மூன்றாம் பதிப்பின் எண் 2, முதல் பதிப்பின் எண் 0. மொத்தக் கதையும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. கேசான் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேர ஏஎஃப்_பாக்கெட் கோடை நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், கேசிசான் நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

சரி, குறைகள். முதல் குறை, கேசானையும் கேசிசானையும் ஒரே கர்னலில் சேர்த்துப் போட முடியாது, கான்ஃபிக்கே விடாது. இரண்டு தனி பில்ட், இரண்டு தனி ஓட்டம். கம்பைலரும் ஜிசிசி 11, கிளாங் 11 அல்லது அவற்றுக்குப் பிந்தையதாக வேண்டும், பழைய டூல்செயினோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எம்பெடட் டீம்களுக்கு இது நிஜமான தடை.

இரண்டாவது, இரைச்சல். முதன்முறை பூட் செய்தால் உங்கள் கோடுக்குச் சம்பந்தமே இல்லாத ரிப்போர்ட்டுகள் கொட்டும். நெட்வொர்க் பகுதியில் பூட்டில்லாமல் கூட்டப்படுகிற கணக்குகள், வேகத்துக்காகத் தெரிந்தே பூட்டு போடாமல் படிக்கிற மாறிகள் என்று ஏராளம். இதைப் பார்த்துத்தான் பலர் முதல் நாளே அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள், டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலைச் சோதிக்க வைத்திருக்கிற தனி ஃபைல்சிஸ்டம்) கேசிசான் என்ற ஃபைலுக்குள் ஃபங்ஷன் பெயர்களை எழுதி, அவை மட்டும் ரிப்போர்ட்டில் வரட்டும் என்று சொல்ல வழி இருக்கிறது. ரீபூட்கூட வேண்டாம். உங்கள் மாட்யூலின் ஃபங்ஷன்களை அதில் போட்டதும் திரை அமைதியாகிவிடும். எத்தனை தொடுதலுக்கு ஒன்று, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதையும் பூட் பாராமீட்டரில் மாற்றலாம். சந்து குறுகலாக இருக்கிற ரேஸ் என்றால் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது குறைதான் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, சொல்லப்போனால் இது கருவியின் குறையைவிட நாம் அதைப் பயன்படுத்துகிற விதத்தின் குறை. கேசிசான் ரிப்போர்ட் வந்ததும் அதை வாயடைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: படிக்கிற இடத்தில் ரீட்_ஒன்ஸ், எழுதுகிற இடத்தில் ரைட்_ஒன்ஸ் என்ற மேக்ரோக்களால் (இந்தத் தொடுதல் தெரிந்தே பூட்டில்லாமல் நடக்கிறது என்று குறிப்பவை) சுற்றிவிட்டால் போதும். நிறைய இடங்களில் அதுதான் சரியான தீர்வும்கூட, நெட்வொர்க் பகுதியில் அப்படிப்பட்ட பேட்ச்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன, அவை அவசியமானவை. ஆனால் நம்முடைய இந்தப் பிழையில் அதைச் செய்து பாருங்கள். பதிப்பு மாறியைச் சுற்றி இரண்டு மேக்ரோவும் போட்டதும் கேசிசான் மௌனமாகிவிடுகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது! டைமர் நிற்காது, மெமரி விடுபடும், கேசான் பில்டில் ஓட்டினால் அதே யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ திரும்ப வருகிறது. ஏனென்றால் இங்கே பிரச்சினை ஒற்றை மாறியைப் படிப்பதிலோ எழுதுவதிலோ இல்லை. ரிங் இருக்கிறதா என்று பார்த்ததற்கும் பதிப்பை மாற்றியதற்கும் நடுவில் உலகம் மாறிவிடக் கூடாது என்பதுதான் விஷயம், அதற்குப் பூட்டு ஒன்றே வழி. இதைக் கேசிசானால் சொல்ல முடியாது. மாறியின் பெயரைக் கொடுக்கும், எந்த இரண்டு வேலைகள் பிரியாமல் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதை நாம்தான் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ரிவ்யூவுக்கு இப்படி ஒரு பேட்ச் வந்தால், கேசிசான் எச்சரிக்கையை நீக்குகிறோம் என்று மட்டும் எழுதியிருந்தால், தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று அந்த மதிப்பை வைத்து வேறு எங்கே முடிவெடுக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021இல் அலெக்சாண்டர் போபோவ் வெளியிட்ட சிவிஇ-2021-26708ஐப் பாருங்கள். விஎம்மும் ஹோஸ்டும் பேசிக்கொள்கிற விசாக் சாக்கெட்டில், 2019 நவம்பரில் சேர்த்த கோடில், ஒரே மாதிரியான தவறு ஐந்து இடங்களில்: பூட்டை எடுப்பதற்கு முன்னாலேயே டிரான்ஸ்போர்ட் பாயிண்டரை ஒரு லோக்கல் மாறியில் நகலெடுத்து வைத்துவிட்டு, பூட்டுக்காகக் காத்திருந்து, உள்ளே போனதும் அந்தப் பழைய நகலையே நம்பியது. காத்திருந்த நேரத்தில் இன்னொரு த்ரெட் கனெக்ட் செய்து டிரான்ஸ்போர்ட்டை மாற்றி, பழையதன் மெமரியை விடுவித்திருக்கும். விடுவிக்கப்பட்ட 64 பைட் துண்டு ஒன்றில் 4 பைட் எழுத முடிந்தது, அதிலிருந்து அவர் ஃபெடோரா 33இல் ரூட் வரை போய்க் காட்டினார். பூட்டு இருந்தும் வந்த பிழை இது. அவருக்கு முதல் தடயம் கொடுத்தது சிஸ்காலர் என்ற ஃபஸ்ஸரில் (தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பிழை தேடுகிற கருவி) வந்த ஒரு கிராஷ், ஆனால் ஃபஸ்ஸரால் அதைத் திரும்ப வரவைக்க முடியவில்லை, கோடை உட்கார்ந்து படித்துத்தான் மறு உருவாக்கம் செய்தார். ரேஸ் கிராஷ்களில் இது சகஜம். ரீப்ரொட்யூசர் (பிழையைத் திரும்ப வரவைக்கிற புரோகிராம்) இல்லை என்பதற்காக ஒரு ரிப்போர்ட்டை மூடிவிடுகிற பழக்கம் உள்ள டீம்கள் இந்த ஒரு கேஸை மட்டுமாவது படிக்க வேண்டும்.

கேசானுக்கும் கேசிசானுக்கும் நடுவில் யாரும் அதிகம் பேசாத ஒரு கருவியையும் சொல்லிவிடுகிறேன், டீபக் ஆப்ஜெக்ட்ஸ். கர்னலில் ரொம்ப நாளாக இருக்கிறது. டைமர்களுக்கான அதன் கான்ஃபிக்கையும், விடுவிக்கும்போது சோதிக்கிற கான்ஃபிக்கையும் போட்டு அதே புரோகிராமை ஓட்டினால், டைமர் அடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல், மெமரியை விடுவிக்கிற அந்த நொடியிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற டைமர் ஒன்று இதற்குள் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது, அதுவும் சாக்கெட்டை மூடுகிற ஸ்டாக்கோடு. டைமர் கோடுக்குப் போய் ஏமாற வேண்டியதே இல்லை. கேசானோடு சேர்த்தும் போடலாம். டைமரோ வொர்க் கியூவோ வைத்திருக்கிற நெட்வொர்க் டிரைவர் எழுதுகிற யாராக இருந்தாலும் இதைப் போடாமல் சோதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யார் எதை எடுக்கலாம்? டிரைவரோ புரோட்டோகால் மாட்யூலோ எழுதுகிறவர் என்றால் கேசானும் டீபக் ஆப்ஜெக்ட்ஸும் சேர்ந்த பில்ட் ஒன்று, கேசிசான் பில்ட் ஒன்று, இரண்டையும் சிஐயில் (தானாக ஓடுகிற சோதனை அமைப்பு) இரவு ஓட்டத்தில் போடுங்கள், இரண்டிலும் சிஸ்காலரை ஓடவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்றுக்குத்தான் மெஷின் இருக்கிறது என்றால் கேசான், அது பொய் சொல்வது மிக அரிது. ரேஸ் என்று சந்தேகம் வந்த பிறகு கேசிசானுக்கு மாறுங்கள். சர்வர் நிர்வாகம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இவை இரண்டும் தேவையில்லை, லைவ் மெஷினில் போடவும் கூடாது. உங்களுக்கு கேஃபென்ஸ் இருக்கிறது, 2021இல் 5.12 பதிப்போடு வந்தது, எல்லா மெமரியையும் பார்க்காமல் அவ்வப்போது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண்காணிப்பதால் பாரம் தெரியாது, நிறைய மெஷின்களில் நீண்ட காலம் ஓடவிட்டால் இந்த மாதிரி யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ எதாவது ஒன்றில் சிக்கும். கன்டெய்னர்களோ பிரவுசர் சேண்ட்பாக்ஸோ தேவைப்படாத சர்வர்களில் சாதாரணப் பயனர்களுக்கான யூசர் நேம்ஸ்பேஸை சிஸ்சிடிஎல்லில் (கர்னல் அமைப்புகளை மாற்றுகிற கட்டளை) மூடிவிடுங்கள், பெட்டர்சன் காட்டிய வழி உள்ளே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.